வலது காதில் ஒரு லிபரல்

மாலை ஐந்தரை. டோன் எலாதியோ ஒகாம்போவின் வீட்டு முன்கூடத்துக்குள் இன்ஸ்பெக்டர் நூபியா அராங்கோ நுழைந்தபோது, எங்கோ ஏதோ விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஊசி போல மெல்லிய விசில்.

முதலில் அவள் தன் காதுகளைத்தான் சந்தேகித்தாள். காது கேட்கும் கருவிகள் வாங்கி இரண்டே வாரம் ஆகியிருந்தது. காதுக்குள் சரியாக உட்காராவிட்டால் அவை இப்படித்தான் ஊளையிடும். காது மடலை மேலே இழுத்து, காதுக்குள் பொருந்தும்படி வார்த்த அச்சை லேசாகத் திருகி உள்ளே அழுத்தினாள். விசில் நிற்கவில்லை. இரண்டையும் கழற்றினாள். உலகம் பஞ்சுக்குள் போயிற்று, விசிலும் கூடவே போயிற்று. மறுபடி மாட்டினாள். விசில் திரும்பி வந்தது.

"வில்மார், உனக்கு விசில் கேக்குதா?"

"சில்வண்டு, இன்ஸ்பெக்டரம்மா. நான் வந்ததுல இருந்து கத்திக்கிட்டே இருக்கு."

சத்தம் வந்தது ஆடுநாற்காலியிலிருந்து. அதில் டோன் எலாதியோ கண் மூடிச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் பாதி குடித்த கருப்புக் காபி. நூபியா குனிந்தாள். விசில் பலத்தது. செத்தவரின் காதுதான் பாடிக்கொண்டிருந்தது.

அச்சுகள் இரண்டும் காதுக்கு வெளியே பிதுங்கி நின்றன. அவற்றின் விளிம்பில் சின்னச் சின்னப் புள்ளிகள். இடது காதில் சிவப்பு, வலது காதில் நீலம். அவள் நிமிர்ந்தாள்.

"காபில விஷம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றான் சார்ஜென்ட் வில்மார். "ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள எப்ப வேணா செத்திருக்கலாமாம். காபி போட்டது வேலைக்காரி யமிலே. கைவிலங்கு மாட்டி அடுக்களைல உக்கார வச்சிருக்கேன். மனிசாலெஸ் ஜெயிலுக்கு ஜீப் தயார். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"ஜீப் நிக்கட்டும்."

ஒருமுறை அந்த ஜீப்பில் ஏற்றி ஊர் பார்க்கக் கொண்டுபோனால், நாளைக்கே விடுதலையானாலும் யமிலேக்கு இந்தச் சலமினா ஊரில் யாரும் வேலை தர மாட்டார்கள். இது நூபியாவுக்குத் தெரியும்.

டோன் எலாதியோவை ஆறு வருடமாகக் கவனித்துக்கொண்டவள் யமிலே. அழுது முடித்துவிட்டிருந்தாள்.

"மதியம் என்ன நடந்துச்சு?"

"சாப்பாடு ஆச்சு. காபியை பிளாஸ்க்ல ஊத்தி வச்சேன். அவர் காதுல இருந்ததக் கழட்டிப் பெட்டில போட்டேன். ரெண்டு மணிக்குக் கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போனேன்."

"ஏன் கழட்டினே?"

"தூங்கறப்ப யாரு மாட்டிக்கிட்டிருப்பா? எழுந்ததும் நான்தான் மாட்டி விடுவேன். அவருக்கு விரல் நடுங்கும்."

"எப்பத் திரும்பி வந்தே?"

"மூணரைக்கு. தூங்கறாரேன்னு பின்பக்கமா அடுக்களைக்குப் போயிட்டேன். அரேப்பா ரொட்டிக்குச் சோளம் அரைச்சேன். அஞ்சு மணிக்கு எழுப்பப் போனா..."

"காதைப் பாத்தியா?"

"கையைத்தான் தொட்டேன், அம்மா. ஜில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் எதையும் பாக்கல."

முன்கூடத்தில் இறந்தவரின் தம்பி மகன் காத்திருந்தான். வக்கீல் டாரியோ ஒகாம்போ, முந்தின நாள்தான் தலைநகர் பொகோட்டாவிலிருந்து வந்து சதுக்கத்து விடுதியில் தங்கியிருந்தான். காபித் தோட்டத்தை விற்கும்படி பெரியப்பாவை இரண்டு வருடமாக நச்சரித்துவந்தான். அவர் அசையவில்லை. அவருக்கு வேறு வாரிசும் இல்லை.

"கடைசியா அவரை எப்பப் பாத்தீங்க?"

"மூணே முக்காலுக்கு. தெருவுல போறப்ப ஜன்னல் வழியா, 'எப்படி இருக்கீங்க பெரியப்பா'ன்னேன். 'உன்னை விட நல்லா இருக்கேன்டா'ன்னார். அவர் வாய் தெரியுமே உங்களுக்கு."

"நல்லாக் கேட்டுச்சா அவருக்கு?"

"கருவி மாட்டியிருந்தாரே. ஒரே தடவைதான் சொன்னேன்."

"உள்ள வந்தீங்களா?"

"இல்ல. நேரா பில்லியர்ட்ஸ் கடைக்குப் போயிட்டேன். நாலு மணில இருந்து ஊரே என்னைப் பாத்திருக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"விடுதில தூங்கினேன். சட்டத்துல அது குத்தமா?"

"இந்த ஊர்ல அது கடமை" என்றாள் நூபியா. "அந்தக் கருவியத் தொட்டிருக்கீங்களா?"

"நானா? கிட்டப் போய்ப் பாத்ததுகூட இல்ல."

வில்மார் அவள் காதருகே வந்து, தேவைக்கு மேல் சத்தமாக முணுமுணுத்தான்: "கணக்கு நேராயிடுச்சும்மா. மூணே முக்காலுக்கு உசுரோட இருந்திருக்கார். அப்ப வீட்டுல இருந்தது யமிலே மட்டும்."

"கத்தாதே. இப்பெல்லாம் எனக்குக் காது கேக்கும்."

அவள் தன் கருவிகள் இரண்டையும் கழற்றித் துணியால் துடைத்தாள். மேசைமேல் வைத்துவிட்டு டாரியோ பக்கம் திரும்பினாள்.

"வக்கீல் சார், ஒரு உதவி. கண்ணாடிய ஆபீஸ்ல விட்டுட்டு வந்துட்டேன். இதுல எது எந்தக் காதுக்குன்னு பாத்துக் குடுங்களேன்."

டாரியோ இரண்டையும் விரலால் எடுத்துப் புள்ளிகளைப் பார்த்தான். சிவப்பை அவளுடைய இடது கையிலும் நீலத்தை வலது கையிலும் வைத்தான். அவளுக்குப் புரியவேண்டும் என்று வாயை அகலத் திறந்து சொன்னான்.

"சிவப்பு இடது, நீலம் வலது. சிவப்புக் கொடி லிபரல் கட்சிக்காரன் இடது பக்கம், நீலக் கொடி கன்சர்வேடிவ் வலது பக்கம்னு இந்த மலைல பொறந்தவங்களுக்குச் சொல்லணுமா?"

"நன்றி. வில்மார், யமிலேயக் கூட்டி வா. விலங்கக் கழட்டிட்டு."

யமிலே வந்தாள். நூபியா உள்ளங்கைகளை நீட்டி, "மாட்டி விடு" என்றாள். யமிலே யோசிக்கவே இல்லை. சிவப்பை எடுத்தாள், நூபியாவின் வலது காது மடலை மேலே இழுத்தாள், அச்சை நுழைத்து ஒரு திருகு திருகி விரல் நுனியால் அழுத்தினாள். நீலம் இடது காதுக்குப் போயிற்று. விசில் எதுவும் எழவில்லை. கூடத்தின் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, அந்த ஊசி விசிலும்.

"சிவப்பு ஏன் வலது காதுக்கு?"

"கருவிக் கடைல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க. முதல் நாள் அவர் பெரிய சண்டையே போட்டாரே. 'எங்கப்பா நீலக் கொடிக்காகக் குண்டடி பட்டவர், என் வலது காதுல ஒரு லிபரலா'ன்னு. அப்புறம் பழகிடுச்சு. தினமும் மாட்டறப்ப, 'வாடா லிபரல், உள்ள வா' அப்படிம்பார்."

"அந்தச் சண்டை நடந்தப்ப நானும் அந்தக் கடைலதான் இருந்தேன், எனக்கு அளவெடுக்க" என்றாள் நூபியா. "சிரிச்சேன். என்னோடது கைக்கு வந்தப்ப நானே மாத்தி மாட்டினேன். நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் வர்ற தப்பு அது. அச்சு ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியா வார்த்தது. மாத்திப் போட்டா உள்ள போகாது, வலிக்கும், விசில் அடிக்கும், பேச்சு புரியாது. இதோ இவர் காது மாதிரி."

வில்மார் ஆடுநாற்காலியைப் பார்த்தான். இப்போதுதான் சில்வண்டு அவனுக்குப் புரிந்தது.

"தினமும் மாட்டற யமிலே மாத்த மாட்டா. அவரே மாட்டியிருந்தாலும் வலியில உடனே பிடுங்கிப் போட்டிருப்பார். செத்ததுக்கப்புறம்தான் மாட்டியிருக்காங்க, மாட்டத் தெரியாத ஒருத்தர். எதுக்கு? தெருவுல நின்னு பேசினதக் கேட்டுப் பதில் சொன்னார்னு ஊர நம்ப வைக்க. மூணே முக்கால் வரைக்கும் அவர் உசுரோட இருக்கணும்னு தேவைப்பட்ட ஒரே ஆள் நீங்கதான், வக்கீல் சார். யமிலே கோயிலுக்குப் போனதும் வந்தீங்க. அவரோட காபி குடிச்சீங்களோ இல்லையோ, அவருக்கு ஊத்திக் குடுத்தீங்க."

"இதெல்லாம் கற்பனை" என்றான் டாரியோ. "கோர்ட்டுல நிக்காது."

"தொட்டதே இல்லைன்னீங்க. அவர் கருவில உங்க விரல் ரேகை இருந்தா நிக்கும். ஒப்பிட்டுப் பாக்க, இதோ, துடைச்சு வச்ச என்னோடதுலயும் இப்பக் குடுத்திருக்கீங்க."

டாரியோ தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஜீப் நின்றிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வில்மார் கைவிலங்கை அவன் மணிக்கட்டில் பூட்டினான்.

அவர்கள் போன பிறகு நூபியா கையுறை மாட்டி, டோன் எலாதியோவின் காதுகளிலிருந்து கருவிகளை மெதுவாக எடுத்தாள். பேட்டரிக் கதவைத் திறந்ததும் விசில் அடங்கியது. உறைக்குள் போட்டு மூடினாள்.

யமிலே அங்கேயே நின்றிருந்தாள்.

"அத எப்பத் திருப்பிக் குடுப்பீங்க, அம்மா?"

"ரேகை எடுத்ததும். எதுக்கு?"

"அடக்கத்துக்கு முன்னாடி நானே மாட்டி விடணும். போற எடத்துல யாராவது கூப்பிட்டா அவருக்குக் கேக்கணும்ல."

நூபியா தலையசைத்தாள்.

"லிபரல் வலது பக்கம்" என்றாள் யமிலே. "இல்லாட்டி அங்கயும் சண்டை போடுவார்."