இருபத்தேழு கைநாட்டு

1999ஆம் ஆண்டு, தை மாதக் கடைசி. ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, ஆரணி கோட்டை மைதானத்தை ஒட்டியிருந்த பன்னீர்செல்வத்தின் போட்டோ ஸ்டுடியோவுக்குள் முனியம்மாள் நுழைந்தார். போட்டோ எடுத்துக்கொள்ள வந்தவர் முகமாக அது இல்லை.

"எங்க சங்கத்த கொன்னுட்டாங்க சார்," என்றார் நின்றபடியே.

அவர் பேசியது மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த வேடியப்பனிடம். காவல்துறையின் கைரேகைப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாத மனிதர். அவர் பகல் பொழுதைப் போக்குவது இந்த ஸ்டுடியோவில்தான். கடைக்காரர் பன்னீர்செல்வத்துக்கு வயது நாற்பத்தைந்து. துப்பு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மாப்பிள்ளை பெண்ணை நிற்க வைத்துவிட்டுக்கூட ஓடிவிடுவார்.

"உக்காருங்கம்மா. பன்னீரு, டீ சொல்லு," என்றார் வேடியப்பன்.

டீ வந்தது. கண்ணாடி கிளாசைப் பன்னீர்செல்வம் தொட்டுவிட்டு விரலை உதறினார். முனியம்மாள் அதை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டே கதையைச் சொன்னார்.

சேத்துப்பட்டு சாலையில் இருந்தது அந்த அரசு பட்டு நூற்பு நிலையம். நாற்பத்தொரு தொழிலாளர்கள். அவர்களில் முப்பது பேர் கொதிதொட்டிப் பெண்கள். வெந்நீரில் வேகும் பட்டுக்கூட்டைக் கையால் துழாவி இழை எடுப்பவர்கள். முனியம்மாளுக்கும் அந்தத் தொட்டியில் இருபத்திரண்டு வருட வேலை, ஒன்பது வருடமாகச் சங்கத் தலைவர் பதவி. வருகிற மார்ச் முதல் தேதி நிலையம் அரசுத் துறையின் கையிலிருந்து தென்னகப் பட்டு நூல் கழகத்துக்குப் போகிறது. கூரையும் தொட்டியும் அப்படியே இருக்கும், பெயர்ப்பலகை மாறும். ஆனால் பெயர்ப்பலகை மாறினால் பழைய சங்கத்தின் அங்கீகாரமும் காலாவதி. பாதிக்கு மேல் ஆட்கள் தங்களோடுதான் இருக்கிறார்கள் என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் கழகத்தில் ஏற்கெனவே இருக்கிற பெரிய சங்கமே இவர்களுக்கும் சங்கம்.

"முப்பத்தெட்டு பேரு எங்ககூட இருந்தாங்க சார். இப்ப இருபத்தேழு பேரு கைநாட்டு வச்சி விலகிட்டதா தபால்ல கடுதாசி வந்துகீது. மிச்சம் பதினோரு பேரு. சனிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்குத் தொழிலாளர் அதிகாரி முடிவு சொல்லிடுவாங்க."

"அந்தப் பொம்பளைங்க இன்னா சொல்றாங்க?" என்று பன்னீர்செல்வம் பாய்ந்தார்.

"வைக்கலன்றாங்க. ஆனா எங்கிட்ட மட்டும்தான். கைநாட்டு வச்சிட்டு மறுத்தா பொய்ச்சாட்சி கேசுன்னு சூப்பிரண்டு நோட்டீஸ் ஒட்டிட்டாரு. பயந்துகினு கீறாங்க."

"சங்கம் போனால் என்ன நஷ்டம்?" என்று கேட்டார் வேடியப்பன்.

முனியம்மாள் கிளாசைக் கீழே வைத்தார். "திங்கக்கிழமை பரிமளா சாவுக்கு விசாரணை சார்."

மார்கழியில் பாய்லர் குழாய் வெடித்துப் பரிமளா வெந்து போனாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாள். குழாய் ஒழுகுகிறது என்று சங்கம் அதற்கு முன்பே மூன்று முறை எழுதியிருந்தது. நிலையம் கழகத்துக்குப் போகிறது, அவர்கள் பழுது பார்ப்பார்கள் என்றது துறை. நிலையம் இன்னும் எங்களிடம் வரவில்லை என்றது கழகம். இரண்டு கடிதங்களும் முனியம்மாளின் பையில் இருந்தன. செத்தவள் சார்பில் விசாரணையில் உட்கார அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்குத்தான் உரிமை. அது இல்லாவிட்டால், தானே வால்வைத் திருப்பி மாட்டிக்கொண்டாள் என்று சூப்பிரண்டு அருணகிரி எழுதி வைத்திருப்பதே முடிந்த முடிவு.

"அவ கடைசியா எங்கிட்டதான் பேசினா. நான் வால்வ தொடலக்கான்னா. அத அங்க சொல்ல ஆளு வேணாமா?" என்றார் முனியம்மாள்.

மறுநாள் மூவரும் நிலையத்துக்குப் போனார்கள். தொழிலாளர் அதிகாரி இளமதி அங்கேயே ஒரு அறையில் தங்கிச் சரிபார்ப்பு நடத்திக்கொண்டிருந்தார். கறாரான பெண், ஆனால் நியாயம் கேட்டால் கதவை மூடாதவர். உறை, கடிதங்கள், சங்கத்தின் பழைய உறுப்பினர் நோட்டு எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

உறையில் சந்தவாசல் தபால் முத்திரை. உள்ளே ஒரே மாதிரி டைப் அடித்த இருபத்தேழு தாள்கள், வந்த வரிசைப்படியே எண் போட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கைநாட்டு, இழை இழையாகத் தெளிந்த ரேகையோடு. பெயர்கள் எல்லாம் கொதிதொட்டிப் பெண்களுடையவை.

பன்னீர்செல்வம் கேமராவை எடுத்துக்கொண்டு குனிந்தார். "நல்லா பதிஞ்சிகீதுணா. ரெண்டாவது தாள்ல மட்டும் நடுவுல வெள்ளையா ஒரு கோடு ஓடுது. பன்னெண்டுலயும் அதே மாதிரி. அஞ்சும் பதினஞ்சும் பொடிசு, சின்னக் கை போல."

"எல்லாத்தையும் எடு."

"சங்க நோட்டுல கீறதோட ஒப்பிட்டா ஜல்தியா முடிஞ்சிடுமே?" என்று நோட்டைப் பிரித்தவர் உதட்டைப் பிதுக்கினார். பக்கம் பக்கமாக வெறும் மைத்திட்டு. "பேஜாரு. மட்ட மை போட்டுக்கினு அமுக்கியிருக்காங்க. ஒண்ணுத்துக்கும் உதவாது."

வேடியப்பன் அந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருணகிரி வந்தார். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி. "சங்கத்து மேல நம்பிக்கை போச்சு, விலகிட்டாங்க. இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார். வாசலில் நின்றிருந்த ஹேமநாத் பெரிய சங்கத்தின் அமைப்பாளர். முப்பது வயது இருக்கும். "நான் யார்கிட்டயும் கைநாட்டு வாங்கலைங்க. ஆளு சேர்க்க வந்தது உண்மை. இந்தக் கடுதாசி எனக்கே புதுசு," என்றார்.

வெளியே வந்ததும் பன்னீர்செல்வம் வேடியப்பனின் கையைப் பிடித்தார். "அந்த ஹேமநாத்தோட மாமனார் ஊடு சந்தவாசல்தான்ணா. விசாரிச்சிட்டேன். வாராவாரம் போறான். முத்திரைக்குக் கணக்கு சரியா போச்சு."

"செத்துப்போன பரிமளாவுக்கு எந்த ஊர்?"

"அவளும் சந்தவாசல்தான்," என்றார் முனியம்மாள். "இங்க அந்த ஊர்க்காரி அவ ஒருத்திதான்."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் சந்தவாசல் போனார்கள். நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பரிமளாவின் கணவன் சடையப்பன் கூலி அறுப்பிலிருந்து வரப்பேறி வந்தான். ஒடிசலான மனிதன், கண் உள்ளே போயிருந்தது. இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். வேடியப்பன் குடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். ஒரே மகள், பத்தாவது படிக்கிறாளாம்.

"அவளுக்கு அம்மா இல்ல சார். எனக்கு வாரிசு வேல வந்துட்டா போதும், அவள கரையேத்திடுவேன்," என்றான்.

"மூணு மணிக்கு நிலையத்துக்கு வர்றியாப்பா? பரிமளா விஷயம்தான்."

சடையப்பன் தயங்கினான். பிறகு தலையாட்டினான். திரும்பும்போது பன்னீர்செல்வம் அலுத்துக்கொண்டார். "ஹேமநாத்த பத்தி ஒரு வார்த்த கேக்கலியேணா!" வேடியப்பன் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு இளமதியின் அறையில் எல்லாரும் இருந்தார்கள். அருணகிரி நாற்காலியில், ஹேமநாத் சுவரோரம், சடையப்பன் கதவருகே. முனியம்மாளுக்குப் பின்னால் நான்கு கொதிதொட்டிப் பெண்கள். அந்த நால்வரின் பெயரும் இருபத்தேழில் இருந்தது.

"அம்மா, ஸ்டாம்ப் பேடு இருக்குதா?" என்றார் வேடியப்பன் இளமதியிடம். "புது மை போட்டுக் கொடுங்க. வெள்ளைத் தாளும் வேணும். முனியம்மா, உங்க கட்டைவிரலை வையுங்க."

முனியம்மாள் வைத்தார். தாளில் விழுந்தது ஒரு மைத்திட்டு. அடுத்தடுத்து நான்கு பெண்களும் வைத்தார்கள். நான்கும் திட்டுகள். ஒரு இழைகூட விழவில்லை.

"மை மட்டமில்ல பன்னீரு," என்றார் வேடியப்பன். "வருஷக்கணக்கா கொதிதண்ணியில கைய விட்டுக்கிட்டே இருந்தா விரல் நுனித் தோல் வெந்து வெந்து உரியும். ரேகை மழுங்கிப் போவும். முதல் நாள் இந்த அம்மா கொதிக்கிற டீ கிளாசைப் பொத்திப் பிடிச்சிருந்தாங்க. நீ தொட்டதும் உதறின. அந்த நோட்டுல கீற திட்டுதான் இவங்களோட உண்மையான கைநாட்டு. தெளிவா விழுந்த இருபத்தேழும் தொட்டிக்காரங்க கை இல்ல."

இளமதி தாள்களை மறுபடியும் புரட்டினார்.

"அப்ப யார் கை?" என்றார்.

"ஒரே ஆள் கை. ரெண்டு, பன்னெண்டு, இருபத்திரண்டு, இந்த மூணு தாள்லயும் அதே வெள்ளைக் கோடு. அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது, இருபத்தஞ்சு பொடிசு. அது சுண்டுவிரல். ஒரே கட்டைவிரல்னா தெரிஞ்சிடும்னு பத்து விரலையும் வரிசையா வச்சிருக்காரு. பத்து முடிஞ்சதும் திரும்ப ஒண்ணுல இருந்து. தாளும் அந்த வரிசையிலேயே உறைக்குள்ள போயிருக்கு. பழக்கமில்லாதவர் செஞ்ச வேலை."

"வெள்ளைக் கோடு?" என்றார் பன்னீர்செல்வம் அடங்கிய குரலில்.

"இடது ஆள்காட்டி விரல்ல பழைய வெட்டுத் தழும்பு. கதிரை இடது கையால பிடிச்சு வலது கையால அறுப்போம். அரிவாள் சறுக்கினா வெட்டுறது அந்த விரலைத்தான். இந்த ஆபீஸ்ல யாரும் அரிவாள் பிடிக்கிறதில்ல. ஹேமநாத் தம்பி கையையும் நேத்தே பார்த்துட்டேன், தழும்பு இல்ல. சந்தவாசல்ல தபாலும் போடணும், கதிரும் அறுக்கணும், நிலையத்தோட சம்பந்தமும் இருக்கணும்." அவர் ஸ்டாம்ப் பேடைக் கதவுப் பக்கம் நகர்த்தினார். "இன்னிக்குக் காலையில செம்பு நீட்டின கைய பார்த்தேன். சடையப்பா, வர்றியா?"

சடையப்பன் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சூப்பிரண்டு சார்தான் தாளெல்லாம் குடுத்தாரு," என்றான் அழுதுகொண்டே. "சங்கம் தகராறு பண்ணிகினே இருந்தா விசாரண முடியாது, விசாரண முடியாம வாரிசு வேல வராதுன்னாரு. ரேக இருக்காதுன்னு எனக்குத் தெரியாதும்மா. அவ கை எப்பவும் வெந்துதான் இருக்கும். நான் ஒரு நாளும் திருப்பிப் பாத்தது இல்ல."

"பச்சைப் பொய்!" என்று அருணகிரி எழுந்தார். "இவனை நான் சந்திச்சதே இல்ல."

"உக்காருங்க," என்றார் இளமதி. "கழக மாற்றத்துக்காக உங்க ஆபீஸ் எனக்கு அனுப்பின பணியாளர் பட்டியல்ல பதினெட்டாவது பேருக்கு இனிஷியல் தப்பு. போன மாசம் நானே திருத்தச் சொன்னேன். இந்தத் தாள்லயும் அதே தப்பு இருக்கு. அந்தப் பட்டியல் உங்ககிட்டயும் என்கிட்டயும்தான் இருந்தது." அருணகிரி உட்கார்ந்தார்.

வேடியப்பன் முனியம்மாளின் பையில் அந்தக் கடிதங்களோடு இருந்த, நிலைய மாற்றம் பற்றிய கழக ஆணையை எடுத்து ஒரு பத்தியில் விரல் வைத்தார். அவருக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

"சடையப்பா, இதுல எழுதியிருக்கிறத கேளு. சொந்தக் கவனக்குறைவால இறந்தவங்க குடும்பத்துக்கு வாரிசு வேலை கிடையாது. சங்கம் போயிருந்தா திங்கக்கிழமை அப்படித்தான் எழுதி மூடியிருப்பாங்க. உனக்கு வேலை வாங்கித் தரக்கூடிய ஒரே ஆளை நீ விரல் வச்சு வெளிய தள்ளப் பார்த்திருக்க."

சடையப்பன் நிமிர்ந்து பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அழுகைகூட நின்றுபோயிற்று.

நான்கு மணிக்கு இளமதி எழுதினார். இருபத்தேழு விலகல் கடிதங்களும் செல்லாது. சங்கத்தின் அங்கீகாரம் கழகத்திலும் தொடரும். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் முனியம்மாளைப் பார்த்தார்.

"பொய் ஆவணம்னு போலீஸ்ல புகார் கொடுக்கணும். புகார் சங்கத்து பேர்ல வரணும். அருணகிரி பேரை எழுதினா சடையப்பன் பேரையும் எழுதித்தான் ஆகணும். வழக்கு வந்தா இவருக்கு வேலை கிடைக்காது. பொண்ணுக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும் அந்த இடம் காத்திருக்கும். விசாரணையில நீங்க ஜெயிச்சாத்தான் அதுவும்."

ஹேமநாத் தலையைக் குனிந்துகொண்டார். பன்னீர்செல்வத்துக்கு, கேமராவைப் பையில் வைக்கக்கூடக் கை வரவில்லை. கள்ளனைப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை.

"எனக்காகப் பேச யாருமே இல்லியாக்கா?" என்றான் சடையப்பன்.

முனியம்மாள் அவன் பக்கம் திரும்பினார். அவன் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டவர் அவர். பரிமளாவைப் பாயில் சுற்றித் தூக்கியவரும் அவர்தான்.

"பேசறதுக்கு எனக்கு இருக்கறது ஒரு வாய்," என்றார். "அது அவளுக்கு."

புகாரில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை தொடங்கியது. இறந்தவர் சார்பில் யார் என்று விசாரணை அதிகாரி கேட்டார். முனியம்மாள் எழுந்து தன் பெயரைச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டு, என்ன உறவு என்று கேட்டார்.

"சங்கம்," என்றார் முனியம்மாள்.