விழிப்பு வயது

காலை ஆறு மணிக்குக் குவிமாடத்தின் வெளிவாசல் ஒவ்வொருவருடைய வயதையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் திறக்கும். கழுத்தெலும்புக்கு அடியில் பதித்த துயில்மானி சொல்வதை அது அப்படியே ஒப்பிக்கும்.

“இசக்கியம்மாள். பிறப்பு வயது எண்பத்தொன்று. விழிப்பு வயது ஐம்பத்தொன்பது. பணிக்குத் தகுதி உண்டு.”

எண்பத்தொரு வயதுக்காரி பனிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவருக்கு எண்பத்து நான்கு.

வெண்பரல் ஓர் உறைந்த கோள். பூமியிலிருந்து அங்கே போய்ச் சேர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலமும் பயணிகள் உறைதுயிலில் கிடப்பார்கள். உடலைக் குளிர்வித்துப் பேழையில் வைத்துவிட்டால் நகம் வளராது, முடி நரைக்காது. அங்கே பனி வெட்ட, கண் கூசும் வெள்ளையில் நாள் முழுக்க நின்று பழகியவர்கள் வேண்டும் என்று தூத்துக்குடி உப்பளங்களில்தான் முதலில் ஆள் எடுத்தார்கள். இருபத்தெட்டு வயதில் இசக்கியம்மாள் ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தாள். பிறந்து எண்பது ஆண்டு நிறைந்தால் ஓய்வூதியம், ஓய்வுக் குடிலில் சூடான ஓர் அறை. அப்படித்தான் அதில் இருந்தது.

முதல் கப்பலில் வந்தவர்களுக்கு எண்பது நெருங்கியபோது குடியிருப்பு மன்றம் விழித்துக்கொண்டது. தூக்கத்தில் உடல் தேய்வதில்லை, ஆகவே தூங்கிய ஆண்டுகளைக் கழித்துவிட வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். ஓய்வு பெற விழிப்பு வயது அறுபது என்றானது. சரி, போகட்டும் என்று இசக்கியம்மாள் வெட்டிக்கொண்டே இருந்தாள். ஏழு மாதம் மீதி இருக்கும்போது அறுபதை அறுபத்து மூன்றாக்கினார்கள். நல்ல சத்துணவால் மக்கள் இப்போது திடமாக இருக்கிறார்களாம்.

அந்த அறிவிப்பு வந்த மூன்றாம் நாள், அவளோடு முப்பத்தொரு ஆண்டு பனி வெட்டிய ரோஸ்லின் மூச்சு வாங்க ஒரு பனித்திட்டில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அறிவிப்புக்கு முன்தினம்வரை அவளுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி இருந்தது.

இசக்கியம்மாளின் முழங்கால்களைப் பார்த்த மருத்துவர், இன்னும் ஓராண்டு பனிமேல் நின்றால் அப்புறம் நடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்றாண்டு எப்படி நிற்பது? அவள் நடுவனிடம் முறையிட்டாள்.

வெண்பரலில் வழக்குகளைத் தீர்ப்பது நடுவன் என்ற இயந்திரம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, தனக்குத் தெரிந்ததைத் தன் வாயால் சொன்னால் போதும். விசாரணையன்று பனி வெட்டுபவர்கள் அத்தனை பேரும் கவச உடையைக் கழற்றாமலே வந்து கூடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள்.

மன்றத் தலைவர் அருள்வாசகம் அழகாகப் பேசினார். உறைதுயிலில் கழிந்த காலம் வாழ்ந்த காலம் ஆகாது, உழைத்த காலமும் ஆகாது, வாழாத ஆண்டுகளுக்கு ஓய்வூதியம் கேட்பது அடுத்த தலைமுறையின் தட்டில் கை வைப்பது என்றார். பத்தாண்டு மன்றப் பணியில் தாம் கற்ற பாடம் இதுவே என்று முடித்தார். சில பேர் தலையைக்கூட ஆட்டிவிட்டார்கள்.

இசக்கியம்மாள் எழுந்தாள். கப்பலில் கண் விழித்த அன்று தனக்கு வந்திருந்த தகவல்களைப் பற்றி முதலில் சொன்னாள். அம்மா இறந்து பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. தம்பி மகளுக்குக் கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்திருந்தது. அந்த ஆண்டுகளை அவள் வாழவில்லைதான். ஆனால் கொடுத்தாள் அல்லவா?

நடுவன், அது வருத்தத்துக்குரியது, ஆனால் சட்டத்தில் இடமில்லை என்றது.

“சரி, அது கிடக்கட்டும்,” என்றாள் அவள். “அண்ணாச்சிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். பத்து வருசமா மன்றத்துல இருக்கியளே, வருசத்துக்கு எத்தன மாசம் முழிச்சிருக்கீய?”

வெளியில் பலருக்கு இது தெரியாது. உணவைச் சிக்கனப்படுத்துவதற்காக மன்றத்தினர் ஆண்டுக்கு ஒரு மாதம் கூடிப் பேசுவார்கள், மீதிப் பதினொரு மாதமும் மன்றத்துக்குக் கீழே உள்ள நிலவறையில் உறைதுயில் கொள்வார்கள். அந்தப் பேழைகளுக்குப் பனிக்கட்டி வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதைச் சுமந்துபோய் அடுக்குபவள் இசக்கியம்மாள்தான்.

“அது நிர்வாக விஷயம்,” என்றார் அருள்வாசகம்.

“இல்ல அண்ணாச்சி. நீங்க தூங்கும்போது ஒங்க மூஞ்சிக்கு மேல படிஞ்ச ஈரத்தத் தொடச்சதும் நாந்தான். நல்லாத்தான் தூங்குதீய. அதக் கொற சொல்லல. மன்றத்துப் பென்ஷனுக்குப் பத்து வருசப் பணி வேணும்லா? அதுல ஒங்க தூக்கத்தச் சேத்திருக்கா, கழிச்சிருக்கா?”

நடுவன் தலைவரின் துயில்மானியைப் படித்தது. “அருள்வாசகம். மன்றத்தில் பத்தாண்டு. அதில் விழிப்பு, பத்து மாதம்.”

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது முன்வரிசைவரை பரவியது.

ஒரே மானிக்கு இரண்டு கணக்கு கூடாது என்று நடுவன் சொன்னது. குடியிருப்பின் முதல் விதியே அதுதான். தூங்கிய காலம் யாருக்கும் சேராது என்றால், இதே வேகத்தில் தலைவர் தம் ஓய்வூதியத்துக்கு இன்னும் நூற்றுப் பத்து ஆண்டு மன்றத்தில் இருக்க வேண்டும். சேரும் என்றால் எல்லாருக்கும் சேரும். மன்றமே தேர்ந்தெடுக்கலாம் என்று ஐந்து நிமிடம் கொடுத்தது.

மன்றத்துக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

பிறந்து எண்பதாண்டு, தூக்கமும் சேர்த்தி. பழைய ஒப்பந்தம் அனைவருக்கும் திரும்பி வந்தது. அன்று குவிமாடத்தின் நடைபாதை முழுக்கப் பனிவாள்களைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு இசக்கியம்மாளைத் தூக்கிச் சென்றார்கள். முட்டியப் பாத்துடே, முட்டியப் பாத்து என்று அவள் மேலேயிருந்து கெஞ்சிக்கொண்டே போனாள். ரோஸ்லின் கடைசியாக உட்கார்ந்த திட்டுக்கு அவள் பெயரையே வைத்தார்கள். மறுநாள் விடிந்து வெகு நேரம் ஆன பிறகும் இசக்கியம்மாள் படுக்கையிலேயே இருந்தாள். முப்பத்தொரு ஆண்டில் முதல்முறையாக அவள் வயதை எந்த வாசலும் படிக்கவில்லை. எழுந்ததும் சும்மா ஒருமுறை குவிமாடத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள். நடக்க முடிந்தது.

அடுத்த வாரம் குடில் அறையைப் பதிந்துகொள்ள நல்வாழ்வு அலுவலகத்துக்குப் போனாள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நீண்டிருந்தது. நின்றவர்கள் எல்லாரும் இளவட்டங்கள். அவளிடம் பனி வெட்டக் கற்ற செல்வக்கனி முன்னால் நின்றாள்.

“நீ எதுக்குட்டி இங்க நிக்க?”

“பேழைக்கு எழுதிக் குடுக்கத்தான், அத்த. எனக்கு இருவத்தெட்டு. அம்பத்திரண்டு வருசம் படுத்து எந்திச்சா எம்பது. பென்ஷனும் வரும், முட்டியும் வலிக்காது. எல்லாம் நீங்க வாங்கிக் குடுத்த சட்டந்தான்.” அவள் இசக்கியம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இசக்கியம்மாள் வரிசையோரமாக ஒதுங்கி நின்றாள்.

எழுத்தராக இருந்த இயந்திரம் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, ஓர் ஐயம் என்றது. எல்லாரும் துயின்றுவிட்டால் பனி வெட்டி ஓய்வு நிதியை நிரப்புவது யார்?

“அதெல்லாம் பின்னால வாறவங்க பாத்துக்கிடுவாங்க,” என்றாள் செல்வக்கனி. வரிசையில் பலர் ஆமாம் போட்டார்கள்.

இயந்திரம் கழுத்தை உயர்த்தி, பின்னால் வருகிறவர்களைத் தேடி வரிசையின் கடைசிவரை பார்த்தது. இசக்கியம்மாளும் திரும்பிப் பார்த்தாள். அங்கே மகப்பேறு விடுதியின் செவிலி, விடுதியைப் பூட்டிய சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.