வெளியில நிக்கிறன்

பரமலிங்கத்தின் செருப்புகள் இரண்டும் கரிச் சூளையின் வாய்க்கு முன்னால், கழற்றிவிட்டு உள்ளே போனவனுடைய செருப்புகளைப் போலவே கிடந்தன.

விமலேஸ்வரி அதைப் பார்த்தபடி தேத்தண்ணிக் கோப்பையைக் கல்லின்மேல் வைத்தாள். மழைக்கு முன் மூடிவிட வேண்டும் என்று பறந்து பறந்து வேலை செய்ததில் கை கால் எல்லாம் சேறு. வாயைப் பூசியாயிற்று. மேல் ஓட்டை வழியாகத் தணலும் போட்டாயிற்று. ஈரமண் வெடிப்புகளிலிருந்து வெள்ளைப் புகை மெல்ல மெல்லக் கசிந்து பாலை மரங்களுக்கடியில் தேங்கி, வேகும் பச்சை இலையின் வாடையைக் குடிசை வரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. எல்லாம் சரிதான். செருப்பில்லாமல் இந்த மனுசன் எங்கே போய்த் தொலைந்தார்? காடு முழுக்க ஈச்சம் முள்.

"இஞ்சருங்கோ! தேத்தண்ணி ஆறுது!"

"வெளியில நிக்கிறன்."

குரல் காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பாடா என்றிருந்தது. உடனே எரிச்சலும் வந்தது.

"வெளியில நிக்கிறது எனக்குத் தெரியாதே? வந்து குடியுங்கோவன்!"

அவர் வரவில்லை. சற்று முன்னர் வாயை மூடும்போது கூப்பிட்டதற்கும் அவர் இதே சொல்லைத்தான் சொன்னார். இதே இழுவையோடு. அப்போது அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

சூளை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. விறகை அடுக்கும்போது நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வழி விடுவார்கள். ஒருவர் அதற்குள் போய்ச் சுள்ளி அடைத்துவிட்டு வந்த பிறகுதான் வாயை மண்ணால் பூசுவது. பூசுவதற்கு முன், வேலையில் நிற்கிற எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்து, இந்த முத்தையன்கட்டுக் காட்டோரத்தில் முதன்முதல் கரி சுட்ட சனங்கள் வைத்த முறை அது. ஒருமுறை சுள்ளி அடைக்கப் போனவன் உள்ளேயே கண்ணயர்ந்துவிட, தெரியாமல் மூடிவிட்டார்களாம். அவனுடைய பேரை இங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. அவர்கள் சுட்ட அதே இடத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த இவர்களும் இப்போது சுடுகிறார்கள். தோண்டினால் முழங்கால் ஆழத்துக்கு மண் கறுப்பாகவே வரும். மண்ணெண்ணெய் வராத இந்தக் காலத்தில் கரிதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

கூப்பிடும் வேலை எப்போதும் பக்கத்துக் குடிசை அன்னபாக்கியத்துடையது. அந்த மலைநாட்டுச் சனங்களில் இங்கே மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான். இன்று அவளுக்கு மலேரியாக் காய்ச்சல். அதனால் விமலேஸ்வரி கூப்பிட்டாள்.

தொம்.

ஷெல். பின்னேரமானால் எங்கோ விழுகிறதுதானே. அவள் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

தொம். தொம்.

மகள் தாட்சாயினி குடிசை வாசலில் குந்தியிருந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. ஷெல்லை அடிக்கிற சத்தம், விழுகிற சத்தம், எல்லாம் அதற்கு அத்துப்படி.

"அம்மா, ஷெல் எண்டால் முதல்ல அங்கால குத்துற சத்தம் கேக்குமெல்லே? இது கேக்கேல்லையே."

"பேசாமல் இரடி."

ஆனால் உண்மைதான். ஷெல் புறப்படும்போது குத்துகிற சத்தம் கேட்கவில்லை.

பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. புகை தரையோடு தரையாகப் படிந்திருந்தது. அன்னபாக்கியம் போர்வையைச் சுற்றிக்கொண்டு, நடுங்கி நடுங்கி ஒற்றையடிப் பாதையால் வந்தாள்.

"மூடியாச்சா புள்ள?"

"ஓம் அக்கா. மழை வரப்போகுதெண்டு அவசரமாய் மூடினது."

"கூப்புட்டியா?"

"கூப்பிட்டனான்."

"பேர் சொல்லி?"

விமலேஸ்வரிக்கு முகம் சூடாகியது. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவருடைய பேரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நிவாரணம் வாங்கும் வரிசையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள்.

"மனுசன்ரை பேரை எப்பிடியக்கா சொல்லுறது? 'இஞ்சருங்கோ' எண்டு கூப்பிட்டன். 'வெளியில நிக்கிறன்' எண்டு சொன்னவர்."

அன்னபாக்கியத்தின் கண்கள் செருப்புகளில் போய் நின்றன. அவள் அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

"அய்யோ புள்ள. பேருக்குத்தாண்டி ஆளு பதில் சொல்லும். பேரில்லாமக் கூப்புட்டா, கூப்புட ஆளில்லாமக் கெடக்குறதெல்லாம் பதில் சொல்லும்."

தொம்.

விமலேஸ்வரி ஓடினாள். பூசிய வாயில் காதை வைத்தாள். மண் இளஞ்சூடாக இருந்தது.

தொம்.

காதுக்கு நேரே. ஒரு சாண் மண்ணுக்கு அந்தப் பக்கம்.

கடவுளே. அவர் வெளியே வந்ததை அவள் கண்ணால் கண்டாள். பிறகு சுள்ளி ஏதும் சரிந்து, திரும்பவும் உள்ளே போயிருக்க வேண்டும். அந்த நேரம் அவள் மழை இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டாள். பதில் வந்தது. தன் கையாலேயே பூசினாள்.

மண்வெட்டியைத் தூக்கினாள்.

"ஒடைக்காத! காத்துப் புகுந்தா மொத்தமும் பத்திக்கும்!" அன்னபாக்கியம் கத்தினாள்.

உடைத்தால் நெருப்பு. உடைக்காவிட்டால் புகை. தொம், என்றது. முன்னைவிட மெதுவாக. நெருப்பென்றாலும் பரவாயில்லை, இழுத்து எடுத்துவிடலாம். எடுத்துவிடலாம். ஓங்கிக் கொத்தினாள். ஒரு கட்டி பெயர்ந்தது.

"உடைக்காதை. நான் வெளியில நிக்கிறன்."

முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள். பாலை மரத்தடியில் நின்றார். அதே உயரம். அதே கூன் விழுந்த தோள். கட்டம் போட்ட அதே சாரம். மண்வெட்டி அவள் கையிலிருந்து நழுவியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ரை ஐயனே, உயிரோடு இருக்கிறார்!

"அப்பா!"

தாட்சாயினி குடிசையிலிருந்து பாய்ந்து ஓடினாள். அது குனிந்து பிள்ளையைத் தூக்கியது.

அப்போதுதான் விமலேஸ்வரி காலைப் பார்த்தாள். செருப்பில்லை. காலடியில் கிடந்த ஈர இலைகள் சுருண்டு கருகிக்கொண்டிருந்தன.

"வெளியில நிக்கிறன்," என்றது அது மறுபடியும். வாயிலிருந்து புகை வந்தது.

அன்னபாக்கியம் போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அந்தப் பேரைச் சொல்ல விமலேஸ்வரி வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை. பிறகு எழும்பியது.

"பரமலிங்கம்!"

காடு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "பரமலிங்கம்!"

மரத்தடியில் நின்றது வாய் திறக்கவில்லை.

அவளுக்குப் பின்னால், மண்ணுக்குள்ளிருந்து, இருமலுக்கு நடுவே பதில் வந்தது.

"உள்ளுக்கை... விமலா... உள்ளுக்கை நிக்கிறன்..."

ஒரு தட்டு. பிறகு தட்டு இல்லை.

தாட்சாயினி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளுக்கு மேலால் தாயைப் பார்த்தாள். நெற்றி முழுக்க வேர்வை.

"அம்மா, அப்பாக்கு உடம்பு காயுது."

அது பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்தது. சின்ன முதுகின்மேல் கறுத்த விரல்கள் விரிந்தன. ஒவ்வொரு விரலின் வெடிப்புக்குள்ளும் தணல் சிவந்துகொண்டிருந்தது.