மாடி பல்பு

விமானப்படை விசாரணை அதிகாரி பத்ரிநாராயணன் சார் எங்க சேலையூர் வீட்டுக்கு வந்தப்போ, பொழுது சாய்ஞ்சு மஃரிப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பெரியவங்க பேச்சு காதுல விழ வேணாம்னு என் மக சோயாவை மாடிக்கு விளையாட அனுப்பினேன்.

டீ ஆறிப்போற வரைக்கும் அவர் என் புருஷன் ஜமீர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. கடல்மேல ஏதோ வெளிச்சத்தைப் பார்த்தது ஒரு குத்தமா? இன்னும் சில பைலட்டுங்களும்தான் பார்த்திருக்காங்க. பறக்கக்கூடாதுன்னு வீட்டுல உட்கார வெச்சது என் ஜமீரை மட்டும்தான்.

"எல்லாரும் பார்த்தாங்க, ஜமீர். நீங்க மட்டும் ஏன் பதிலுக்கு லைட் போட்டீங்க?"

ஜமீர் தலை குனிஞ்சார். "எங்க வீடுன்னு நினைச்சுட்டேன் சார்."

நான்தான் விளக்கினேன். தாம்பரத்துல இறங்குற விமானம் எங்க வீட்டுக்கு மேலேதான் வரும். சத்தம் கேட்டதும் மாடி பல்பை மூணு தடவை போட்டுப் போட்டு அணைப்பேன். இவரும் மேலேர்ந்து விளக்கைச் சிமிட்டுவார். தன் அத்தாவோட அந்த விளக்கைப் பார்த்தாத்தான் சோயா சாப்பிடவே உட்காருவா. ரூல்ஸ்ல இல்லதான். அதுக்காகத் தூக்குலயா போடுவாங்க?

"கீழே வெறும் தண்ணி சார். கரையே தெரியல," ஜமீர் மெதுவா சொன்னார். "அந்த வெளிச்சம் இவ மாதிரியே மூணு தடவை சிமிட்டுச்சு. கை தானா சுவிட்சுக்குப் போயிடுச்சு."

"அன்னிக்கு இங்க பல்பு போட்டீங்களா மேடம்?"

"வீடே பூட்டிக் கெடந்தது சார். நாங்க திருமுடிவாக்கத்துல எங்க அண்ணன் வீட்டுல இருந்தோம்."

சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சது. எங்க வீட்டு வழக்கம் அதுக்கு எப்படித் தெரியும்?

தெரு நாய்ங்க கப்சிப்புன்னு ஆயிடுச்சு. ஹால்ல உப்பும் பாசியுமா ஒரு வாடை. சேலையூர் எங்கே, கடல் எங்கே!

ஜன்னல்ல, கிழக்கே, ஒரு வெளிச்சம் வந்துக்கிட்டிருந்தது. விமானம் வந்தா எங்க வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிரும்.

அதிரல.

சத்தமே இல்ல.

மூணு தடவை சிமிட்டுச்சு.

"யாரும் பதில் போடாதீங்க," பத்ரி சார் கிசுகிசுத்தார். ஜமீர் என் கையை இறுக்கிப் பிடிச்சார்.

மாடியிலேர்ந்து சோயா கத்துனா.

"அத்தா வந்துட்டாங்க!"

"சுவிட்சைத் தொடாதடி, சோயா!"

நான் ஓடுறதுக்குள்ள மாடிப்படியில வெளிச்சம் விழுந்தது. அணைஞ்சது. திரும்பவும் விழுந்தது.

அல்லாஹ்வே, நாங்க மேலே போனப்போ வானத்துல ஒண்ணுமே இல்ல. சோயா மட்டும் அண்ணாந்து சிரிச்சுக்கிட்டு நின்னா. ஜமீர் அவளை வாரித் தூக்கினார். அவ அவர் நெஞ்சுல கையை வெச்சுத் தள்ளினா.

"அம்மா, யாரு இந்த அங்கிள்?"

டாக்டர்கிட்ட காட்டினோம். தர்காவுல ஓதி ஊத வெச்சோம். அந்த வீட்டையே காலி பண்ணிட்டு திருமுடிவாக்கத்துல ஒரு ஃபிளாட்டுக்கு வந்துட்டோம். பால்கனியில பல்பே மாட்டல. ஜமீர் அவளுக்குத் தலை வாரி விடுறார், ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறார். எல்லாத்துக்கும் "தேங்க்ஸ் அங்கிள்"ங்கறா. அவர் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வர்றார். ராத்திரிச் சோறு மட்டும் நான் கெஞ்சி ஊட்டினாத்தான் இறங்கும். அத்தா இன்னும் வரலையாம்.

நேத்து பொழுது சாயறப்போ தானா வந்து சாப்பிட உட்கார்ந்தா. பக்கத்துல இன்னொரு தட்டு எடுத்து வெச்சா. ஜமீர் ஆசையா அது முன்னாடி உட்காரப் போனார்.

"அங்க உட்காராதீங்க அங்கிள்."

வீடு முழுக்க உப்பு வாடை அடிச்சுது.