ஓஸெரின் வீட்டுப் பால்

கடிகாரம் பிற்பகல் மூன்று அடித்தபோதே ஜன்னல் கறுத்துவிட்டது. ஜனவரி இருட்டு. மாவ்ரா நாற்காலியில் கண் விழித்தாள். சட்டையின் இடப்பக்கம் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். மார்பு வற்றிக் கிடந்தது.

பிரபுவின் குழந்தை ஆர்செனி தொட்டிலில் இருந்தான். இன்னும் குடிக்கவில்லை. பசியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

சட்டையை முகர்ந்தாள். பால் வாடையோடு வேறொன்றும் இருந்தது. குடிசைப் புகை, மென்று துப்பிய கறுப்பு ரொட்டி. பிரபு வீட்டின் குழந்தையறைக்குள் கறுப்பு ரொட்டி வந்ததே இல்லை.

வலப்பக்கத்தை ஆர்செனிக்குக் கொடுத்தாள். போதவில்லை. ஒரு வாரமாகவே போதவில்லை. அவன் கன்னங்கள் ஒட்டத் தொடங்கியிருந்தன.

அவளும், ஆற்றுக்கு அப்பாலிருந்த லுகினோ கிராமமும் ஓஸெரின் குடும்பத்துச் சொத்து. ஆர்செனிக்குப் பால் கொடுக்க அவளை அழைத்து வந்தபோது யாரும் அவளிடம் கேட்கவில்லை. வண்டி வந்து நின்றபோது அவள் மகன் யெரோமாவுக்குத் தலைகூட நின்றிருக்கவில்லை. கணவன் பட்டாளத்தில். பிள்ளையை நாத்தனார் வாங்கிக்கொண்டாள். கறுப்பு ரொட்டியை மென்று துணியில் முடிந்து வாயில் வைப்பார்கள். பால் இல்லாத பிள்ளைக்கு லுகினோவில் அதுதான்.

குழந்தையறைக்கு வரும் நடையில் ஓஸெரின்கள் வரிசையாகப் படங்களில் தொங்கினார்கள். துருக்கியரை விரட்டியவர், பேரரசியின் காதருகே நின்று பேசியவர், மாகாணங்களை ஆண்டவர், ஒரு சொல்லில் நீதிபதிகளை மாற்றியவர். ஒவ்வொருவருக்கும் கைக்குழந்தையாக இன்னொரு படமும் உண்டு. சரிகைத் துணியில் சுற்றிய குழந்தையை இரண்டு கைகள் ஏந்தியிருக்கும். கைக்குரியவளின் முகம் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். இப்போதைய பிரபுவை ஏந்திய கைகளில் சுண்டுவிரல் வளைந்திருந்தது. அது மாவ்ராவின் அம்மா.

அந்தப் பிரபுவுக்கு அம்மா பால் கொடுத்த வருஷம், லுகினோவில் அவளுடைய மூத்த மகன் இறந்துபோனான். அவளிடம் சொல்லவில்லை. துக்கம் பாலில் இறங்கும், பாலோடு வாரிசின் உடம்பில் இறங்கும் என்பது ஓஸெரின் வீட்டு நம்பிக்கை. பிரபு பால் மறந்த அன்றுதான் சொன்னார்கள். அதற்குள் அம்மா மகனுக்கு ஒரு கம்பளிக் குல்லாய் பின்னி முடித்திருந்தாள்.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு நிகிஃபோர் விறகோடு வந்தார். லுகினோக்காரர். வாரம் ஒருமுறை கிராமத்துக்குப் போய்வருபவர்.

"என்னம்மா சீமாட்டி, வெள்ளை ரொட்டி தின்னு தின்னு கன்னம் உப்பிப்போச்சே. திரும்பி வந்தா எங்க வாசல்ல நுழைய மாட்ட போல."

"வாசலை இடிச்சுப் பெருசாக்கிக்கலாம் மாமா. பையன் எப்படி இருக்கான்?"

வழக்கமாக உடனே பதில் வரும். 'தவளைக்குஞ்சு. பார்க்கச் சகிக்கல' என்பார். இன்று அடுப்பின் முன் மண்டியிட்டு ஒவ்வொரு கட்டையாக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"நல்லா இருக்கான். கொழுகொழுன்னு, அழகா இருக்கான்."

அவர் துப்பவில்லை.

லுகினோவில் உயிரோடிருக்கும் குழந்தையை யாரும் புகழ்வதில்லை. கண் பட்டுவிடும். தவறி வாயில் வந்துவிட்டால் இடது தோளுக்கு மேல் மூன்று முறை துப்புவார்கள். குடிபோதையில்கூட அது மறக்காது.

"மாமா, துப்பலையே."

நிகிஃபோரின் கை விறகில் நின்றது. "தரைக்கு மெழுகு போட்டிருக்கு. கிளஃபீராம்மா திட்டும்."

"போன மாசமும் மெழுகுதான். துப்புனீங்க."

அவர் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுப்புக் கதவை மூடாமலே போனார்.

கொஞ்ச நேரத்தில் வீட்டு நிர்வாகி கிளஃபீரா தேன் ரொட்டித் தட்டோடு வந்தாள்.

"சாப்பிடு. சின்ன எஜமானோட பெயர்நாள் விருந்து. கீழே கவர்னர்கூட வந்திருக்காரு."

"அம்மா, ஒரே ஒரு தடவை ஊருக்குப் போயி..."

"பனி உருகட்டும்."

"அவன் உசுரோட இருக்கானா?"

"இருக்கான். இல்லாம எங்க போவான்? அழுதுறாதே மாவ்ரா. பால் கெட்டுடும்."

போகும்போது மாவ்ராவின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். அந்தக் கை இதற்கு முன் அவளைத் தொட்டதே இல்லை.

மாவ்ரா அழவில்லை. மெழுகுவர்த்தி குட்டையாகிக்கொண்டு வந்தது. கீழே பியானோ வாசித்தார்கள், யாரோ சிரித்தார்கள். இரட்டை ஜன்னல்களுக்கு நடுவே திணித்த பஞ்சு வெளிக்காற்றின் ஓசையை விழுங்கிவிட்டதால் அறைக்குள் இருந்த சத்தங்கள் மட்டும் பெரிதாகக் கேட்டன: கரி விரியும் சத்தம், ஆர்செனி விரல் சப்பும் சத்தம், அதற்கும் அடியில், இன்னும் மெதுவாக, இன்னொரு சப்பும் சத்தம்.

அது அவள் மடியிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தாள். மடியில் ஒன்றுமில்லை. ஆனால் பாவாடையின் நடுவே பள்ளம் விழுந்திருந்தது. கனம். துணி வழியே தொடையில் குளிர் இறங்கியது. புகை வாடை. கறுப்பு ரொட்டி. பிறகு வாய்.

குளிர்ந்த வாய். பல்லில்லாத ஈறு.

இரண்டு இழுப்பு, ஒரு பெருமூச்சு. இரண்டு இழுப்பு, ஒரு பெருமூச்சு.

ஆர்செனி மூச்சுவிடாமல் குடிப்பவன். இப்படிக் குடிப்பவன் ஒருவன்தான்.

கத்த வாய் திறந்தாள். கத்தினால் பயந்துவிடுவான். மூடிக்கொண்டாள்.

கையை வளைத்தாள். தலை நிற்காத பிள்ளை, பிடரியைத் தாங்கினாள். பிடரியில் உறைபனி ஒட்டியிருந்தது. அவள் உள்ளங்கைச் சூட்டில் அது உருகவில்லை.

"எப்படா வந்தே," என்றாள். "இவ்வளவு தூரம் எப்படிடா வந்தே."

ஆர்செனி அழ ஆரம்பித்தான். எழுந்திருக்க வேண்டும். கால்கள் அதற்குள் மரத்துப்போயிருந்தன.

இடப்பக்கம் வற்றியது. வாய் தேடியது. முகத்தை அவள் விலாவில் உரசி உரசித் தேடியது.

வலப்பக்கம் ஆர்செனியுடையது. கிராமமும் ஆறும் அவள் எலும்புகளும்போல, அதுவும் ஓஸெரின் குடும்பத்துடையது.

மாவ்ரா வலப்பக்க முடிச்சை அவிழ்த்தாள்.

ஆர்செனி அழுதான். பியானோ. அழுகை மெலிந்தது. பியானோ. ஒரு விக்கல். பிறகு பியானோ மட்டும்.

தொட்டில் மெல்ல ஆடி நின்றது.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"குடிடா கண்ணு. இன்னும் இருக்கு."

கதவு திறந்தது. கிளஃபீராவின் விளக்கொளி தரையில் நீண்டு வந்து நாற்காலியில் ஏறியது. மாவ்ராவின் வளைந்த கைகளுக்குள் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை நோக்கி அவள் மார்பு இரண்டு முறை இழுபட்டது, தளர்ந்தது. இரண்டு முறை இழுபட்டது, தளர்ந்தது.

"மாவ்ரா, விருந்தாளிங்க சின்ன எஜமானைப் பார்க்கணுமாம். ஏன், அவர் சத்தத்தையே காணோம்?"