அரக்கு நிறக் கோட்டு

மாலை நான்கு மணி. கப்பலின் முதல் சங்கு ஊதி அடங்கியபோது கண்ணாடிக்காரர் ஏணிப்படியில் தனியாக ஏறி வந்தார். காலையில் அதே படியில் மனைவியோடு இறங்கிப் போன மனிதர்.

"அவ வந்துட்டாளா சார்?" என்று படியருகே நின்ற பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டார்.

வரவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால் பயணிகள் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே அழைத்தார்கள். கையுறை வாங்க வேண்டும் என்று மனைவி ஒரு கம்பளித் துணிக் கடைக்குள் போனாளாம். இவர் வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றாராம். நெடுநேரமாகியும் ஆளைக் காணாமல் உள்ளே போய்ப் பார்த்தால், கடைக்குப் பின்வாசல் ஒன்று இருந்தது. அரக்கு நிறக் கோட்டு போட்ட அம்மா அந்த வழியாகத்தான் போனார் என்று கடைப் பெண் கையைக் காட்டினாளாம். அதற்குப் பிறகு தெருத்தெருவாகத் தேடியும் பலனில்லை.

"கொஞ்ச நாளாவே அவளுக்கு மனசு சரியில்ல சார்," என்றார். சொல்லிவிட்டுச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். வெளியே குளிர் எலும்பைத் துளைத்தது. முன்பின் தெரியாத ஊரில், கொட்டும் மழையில், மனசு சரியில்லாத ஒரு பெண். 

மேல் தளத்தில் கைப்பிடியில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் பெட்டிக்காரம்மா. துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் ஊராரின் பெட்டிகளைத் திறந்து மூடியவர். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. தங்கையோடு உல்லாசப் பயணம் வந்த இடத்தில்கூட அவர் கண் சும்மா இருக்கவில்லை. யார் எப்படி அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

தங்கை அடுக்கியிருந்த அழகைச் சொல்லி மாளாது. இலையுதிர் காலத்துக் கடலுக்குப் பளபளப்பான மெல்லிய கவுன்களாக அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"உள்ள ஒட்டினாப்புல ஒரு பனியன், மேல கம்பளி, அதுக்கு மேல காத்து புகாத ஜாக்கெட். குளிர்ந்தா ஒண்ணு ஏத்து, உறைச்சா ஒண்ணு கழட்டு. எத்தனை தடவைடி சொன்னேன்?"

"சொன்னே. அதான் உன் ஸ்வெட்டரைப் போட்டிருக்கேன்ல," என்றாள் தங்கை, அக்காவின் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. பிறகு கீழே பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பாவம்க்கா அந்தம்மா. எதிர் அறைல இருந்தும் ஒரு வார்த்தை பேசலையே. ஆனா ஒண்ணு, அவங்க கோட்டைப் போடல, கோட்டுதான் அவங்களைப் போட்டிருந்துச்சு."

அது உண்மைதான். மூன்று நாட்களாக அந்தப் பெண்ணைக் கப்பலே பார்த்திருந்தது. கணவரின் தோளுயரத்துக்கு, அவரை ஒட்டியபடி, தளத்தில் மெல்ல நடந்து போவாள். அரக்குக் கோட்டு, மூக்குவரை மப்ளர், காதை மூடிய தொப்பி, காலில் மெல்லிய கறுப்புச் செருப்பு, தோளில் பெரிய பை. ஈரத் தளத்தில் இரண்டு முறை சறுக்கப் பார்த்தாள். சாப்பாட்டு அறைக்கு வந்ததே இல்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கணவர் தட்டை அறைக்குக் கொண்டுபோவார்.

"இந்தக் குளிர்ல எல்லாரும் மூட்டையாத்தானே கிடக்கோம்," என்றார் பெட்டிக்காரம்மா. ஆனால் மனம் எதிலோ இடறிக்கொண்டு நின்றது.

மணி நாலரை. பாதுகாப்பு அதிகாரி அவரைத் தேடி வந்தார். வாட்டசாட்டமான ஆள், ஆனால் கூச்ச சுபாவம்.

"மேடம், ஒரு உதவி. அந்தம்மா என்னென்ன துணி எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு போலீஸ்ல கேக்கறாங்க. பொம்பளைங்க பெட்டி. நான் கை வைக்கிறது நல்லா இருக்காது."

"அவர் இருக்காரே?"

"எதுவும் தெரியாதுங்கறார்."

அறைக்குள் கண்ணாடிக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போலீசுக்கு அனுப்பக் கைபேசியில் ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். கடை வாசலில் மூன்று பேர். நடுவில் அவர். இருபுறமும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இரண்டு பெண்கள். இடப்பக்கத்தவள் அவர் உயரத்துக்குச் சமமாக நின்றாள், வலப்பக்கத்தவள் ஒரு தலை குறைவு.

"இதுல யாரு சார் உங்க மனைவி?"

"இடது பக்கம். இது அவ தங்கச்சி."

"தங்கச்சிக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார் பெட்டிக்காரம்மா.

"போன் எடுக்கல." மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அலமாரியில் அவருடைய சட்டைகள் தொங்கின. மனைவிக்கான பக்கத்தில் வெறும் கொக்கிகள். அழுக்குத் துணிப் பையில் அவருடைய துணி மட்டும். பெட்டிக்காரம்மா மனைவியின் பெட்டியைக் கட்டிலில் தூக்கி வைத்துத் திறந்தார்.

மேலேயே ஒரு ஜோடி பூட்ஸ். கனத்த தோல், பல் பல்லாக வெட்டிய அடிப்பாகம், மழைக்கும் வழுக்கலுக்கும் ஏற்றது. நன்றாக நடந்து பழகியது, ஆனால் துடைத்துப் பாலிஷ் போட்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கம்பளிக் காலுறை சொருகியிருந்தது. அவற்றோடு தடித்த கால்சட்டை ஒன்று, பெல்ட் கோத்தபடியே. ஸ்வெட்டருக்குள் பனியன், இரண்டையும் சேர்த்தே சுருட்டித் திணித்திருந்தது. கால்சட்டைப் பையில் மடித்த கைக்குட்டையும் இரண்டு இருமல் மிட்டாயும்.

அவற்றைத் தூக்கி எடுத்ததும் பெட்டிக்காரம்மா அசந்துபோனார். கீழே இருந்தது பெட்டியல்ல, சித்திரம். ஜாக்கெட் ஓரத்தில் சுருண்டு நின்றது. கம்பளிகள் சுருளாக இடைவெளியில்லாமல் பொருந்தியிருந்தன. இரவு விருந்துக்கான பட்டு அங்கி ஒன்று மெல்லிய தாளில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே, கசங்காமல் இருக்கவேண்டிய இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில்தான் பூட்ஸ் அழுத்திய பள்ளம்.

அவர் கண்ணாடிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். 

"அழகா அடுக்கியிருக்கு. உங்க வேலையா?"

"நானா? நான் பெட்டிய தொடக்கூட இல்ல மேடம். எல்லாம் அவ கைப்பட வச்சது."

"கப்பல்ல வந்தப்புறம் திறந்தாங்களா?"

"தினமும் திறப்பா. மாத்துத் துணி எடுக்கணுமே."

பெட்டிக்காரம்மா மூடியைச் சாத்தினார். அதிகாரியின் பக்கம் திரும்பினார். அவர் குரல் பழைய சுங்கக் குரலாகிவிட்டிருந்தது.

"சார், இவங்க ஊர்ப் போலீசுக்கு உடனே போன் போடுங்க. இவர் வீட்டைத் திறக்கச் சொல்லுங்க. இவர் மனைவி இந்த ஊர்ல தொலையல. இந்தக் கப்பல்லயே ஏறல."

கண்ணாடிக்காரர் எழுந்தார். "என்ன பேசறீங்க? மூணு நாளா எல்லாரும் பார்த்தாங்க."

"கோட்டைப் பார்த்தோம். மப்ளரைப் பார்த்தோம். முகத்தை யார் பார்த்தா?"

அதிகாரி தயங்கினார். "மேடம், பாஸ்போர்ட் பார்த்துத்தானே ஏத்தினோம்."

"பாஸ்போர்ட்ல முகம் தெரியும், உயரம் தெரியுமா? அந்தப் படத்தைப் பாருங்க. மனைவி இவருக்குச் சரிசமமா நிக்கறா. கப்பல்ல இவர்கூட நடந்தவ தோளுயரம். கோட்டு அவளுக்குத் தொளதொளன்னு இருந்ததை என் தங்கச்சியே சொல்லிச் சிரிச்சா. அக்கா முகம் அப்படியே இருக்கிற, ஒரு தலை குட்டையான ஆள் யாரு? போன் எடுக்காதவதான்."

"இதெல்லாம் ஊகம்," என்றார் கண்ணாடிக்காரர்.

"உயரம் ஊகமாவே இருக்கட்டும். பெட்டி ஊகமில்ல." பெட்டிக்காரம்மா பூட்ஸைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "பிரயாணம் தெரிஞ்சவங்க இருக்கறதுலயே கனமானதைப் பெட்டில வைக்க மாட்டாங்க, உடம்புல போட்டுக்குவாங்க. உங்க மனைவி தெரிஞ்சவ. பெட்டிய முழுசா அடுக்கிட்டு, கிளம்பற அன்னிக்குப் போட்டுக்க ஒரு செட்டை நாற்காலில தனியா எடுத்து வச்சிருக்கா. கால்சட்டைல பெல்ட், பூட்ஸுக்குள்ள காலுறை, பையில கைக்குட்டை. அந்த செட்டுதான் பெட்டிக்குள்ள கிடக்கு. அள்ளி, பட்டுத் துணி மேல அமுக்கி மூடினது வேற கை. அவ கையா இருந்தா தாள் சுத்தின அங்கி மேல பூட்ஸை வைப்பாளா? தினமும் திறந்திருந்தா அதை நகர்த்தாம விட்டிருப்பாளா? ஈரத்துல சறுக்கினப்போகூட இதை எடுத்து மாட்டிக்காம மெல்லிசு செருப்புல நடந்தவ, இந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரி இல்ல."

பெட்டிக்காரம்மா கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு உள்ள திணிச்சீங்கன்னு நானே சொல்றேன். பயணம் போனவளோட பயணத் துணி வீட்டு நாற்காலில கிடந்தா மாட்டிக்குவீங்க. கோட்டை மட்டும் தங்கச்சிக்குக் குடுத்தீங்க. மிச்சத்தை இங்க கொண்டுவந்தீங்க. அவ எங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், இவர் வந்ததுலேர்ந்து பார்க்கறது கப்பல் நேரம் இல்ல. ஊருக்குப் போற ரயில் எப்போன்னு விசாரிங்க. தங்கச்சி அதுல இருப்பா." கட்டிலருகே வந்து நின்றார். "கேக்கறேன், சொல்லுங்க. உயிரோட இருக்காளா?"

"வக்கீல் இல்லாம நான் எதுவும் பேசமாட்டேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

ஐந்தேகால். கப்பல் அலுவலக அறையில் இரண்டு தொலைபேசிகள், இரண்டும் ஒலிபெருக்கியில். கண்ணாடிக்காரரை ஒரு காவலர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பெட்டிக்காரம்மாவின் தங்கை வாசலோரம் வந்து நின்றாள். போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் ஊர்ப் போலீஸ் பேசியது. "வீட்டுக்குள்ள போயிட்டோம். சுத்தமா இருக்கு. கட்டில் விரிச்சபடி இருக்கு. மாடி, சமையலறை எல்லாம் பார்த்தாச்சு. ஆள் இல்லை."

கண்ணாடிக்காரர் முதுகை நாற்காலியில் சாய்த்தார். பெட்டிக்காரம்மா எழுந்து நின்றார். எங்காவது கொண்டுபோய்ப் புதைத்திருந்தால் இனி ஓடி என்ன பயன் என்று ஒரு கணம் மனசு விட்டே போயிற்று.

"போனை வைக்காதீங்க," என்றார்.

ஐந்தரைக்கு மற்றத் தொலைபேசி மணியடித்தது. ரயில் நிலையத்தில் போலீசார் மனைவியின் தங்கையை ரயிலிலிருந்து இறக்கியிருந்தார்கள். தன் சொந்தப் பெயரில் சீட்டு. தோள்பையில் சுருட்டிய அரக்குக் கோட்டு. ரிசீவரை அவளிடமே கொடுத்தார்கள்.

"அக்கா கோச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டான்னு அத்தான் சொன்னார்," என்றாள்.  "டிக்கெட்டு வீணாப் போகுது, அவ பேர்லயே நீ வா, ரெண்டு பேரும் ஒரே ஜாடைதானேன்னார். நான் வந்திருக்கக் கூடாது. எனக்கு அத்தான் மேல... வந்துட்டேன். திரும்பும்போது சோதனை கடுமையா இருக்கும், நீ இங்கயே இறங்கி ரயில்ல போயிடு, கப்பல் ஆளுங்க பார்க்காம பின்பக்கமா போன்னார்."

"அக்கா பெட்டிய திறந்தியா?" என்று கேட்டார் பெட்டிக்காரம்மா.

"இல்ல. கோட்டு போட்டதுக்கே உடம்பு கூசிச்சு. என் துணி என் பையிலயே இருந்துச்சு."

"கிளம்பற அன்னிக்கு வீட்ல என்ன பார்த்தே? எதுவானாலும் சொல்லு."

"ஒண்ணும் பார்க்கல. அத்தான் பெட்டி தூக்கினார், நான் கோட்டை மாட்டினேன். அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "கீழ தடதடன்னு ஒரு சத்தம் இருந்துச்சு. கீழ் அறைல துணி துவைக்கிற மிஷின் ஓடுதுன்னார். கார்ல ஏறும்போதும் கேட்டுது."

 கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கீழ் அறை," என்று முதல் தொலைபேசியில் கத்தினார் அதிகாரி. "வீட்டுக்குக் கீழ ஒரு அறை இருக்கு. கதவைத் தேடுங்க."

ஒலிபெருக்கியில் காலடிகள் கேட்டன. எதையோ இழுக்கும் சத்தம். அலமாரிக்குப் பின்னால் கதவு இருக்கிறது என்று யாரோ கூவினார்கள். பிறகு மரம் உடையும் ஓசை. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பெட்டிக்காரம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியாது.

"உயிர் இருக்கு," என்றது அந்தக் குரல். "துவைக்கிற குழாய்த் தண்ணியக் குடிச்சுக் கிடந்திருக்காங்க. அழுக்குத் துணியெல்லாம் மேல போர்த்தியிருக்காங்க. ரொம்பக் களைப்பு. டாக்டரைக் கூப்பிட்டிருக்கோம்."

அதிகாரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பெட்டிக்காரம்மாவின் தங்கை அழுதேவிட்டாள்.

"பேச முடியுதா?" என்றார் பெட்டிக்காரம்மா.

"ஒண்ணையேதான் திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க மேடம். தங்கச்சி எங்கே, அவளை அவர் என்ன பண்ணினார்னு. அன்னிக்கு மேல தங்கச்சி குரல் கேட்டுதாம். இந்த வீட்டுல நிக்காதே, ஓடிப்போன்னு அவளுக்குச் சொல்லத்தான் கதவைத் தட்டினாங்களாம். விரல் முட்டியெல்லாம் கிழிஞ்சு போயிருக்கு."

மேசைமேல் இரண்டாவது தொலைபேசி இன்னும் வைக்கப்படாமல் இருந்தது. ரயில் நிலையத்து அறையில் அந்தத் தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

"அப்போ அந்தத் தடதட சத்தம் மிஷின் இல்லையா?" என்றாள் அவள்.