ஞாயிற்றுக்கிழமைப் புகை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்காவனத்தின் லாரி ராயபுரம் பாலத்திலிருந்து இறங்கும்போது, தெருவின் இரு பக்கமும் ஜன்னல்கள் திறந்துகொண்டன. தலைக்கு ஊற்றிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வாசலுக்கு வந்தார்கள். லாரியில் சரக்கு எதுவும் இல்லை. புகையைக் கக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவதுதான் அதன் வேலை.

“நல்லா மிதிம்மா. போன வாரம் புகை பத்தலை, ரெண்டு நாளா ஒரே இழுப்பு,” என்றார் டீக்கடை வேதாசலம்.

“மிதிச்சா உன் பாலெல்லாம் கரியாப்பூடும் நைனா, பரவால்லியா?”

“அதுக்குத்தான ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் டீன்னு போர்டு வெச்சிருக்கேன்.”

பூங்காவனம் சிரித்துக்கொண்டே மிதித்தாள். ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாக இந்த ஸ்டியரிங்கைப் பிடித்த கை அது. சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் ஒரு துணிக்கொடியைக்கூடத் தொடாமல் வண்டியைக் கொண்டுபோய்விடுவாள்.

ஊர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு லாரிகள் வாரநாட்களில் மட்டும் ஓடின. ஞாயிறன்று லாரி இல்லை, புகை இல்லை, வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடியதும் அன்றைக்குத்தான். குற்றவாளி ஓசோன். வானத்து உச்சியில் இருந்தால் அது நமக்குக் குடை. மூக்குக்கு நேரே இறங்கி வந்தால் விஷம். லாரிப் புகையில் நைட்ரிக் ஆக்சைடு என்றொரு வாயு உண்டு. அது ஓசோனைக் கண்ட இடத்தில் தின்றுவிடும். வாரநாட்களில் தின்ன ஆள் இருந்தது, ஞாயிறன்று இல்லை. பெயின்ட்டிலும் பெட்ரோலிலும் கிளம்பும் ஆவிகளைச் சேர்த்துக்கொண்டு வெயில் தன் பாட்டுக்கு ஓசோனைச் சமைத்துக் குவித்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது வளிமதி என்ற கணிப்பொறி. தெருக் கம்பங்களில் பொருத்திய வளிமானிகள் வழியாக ஊரின் காற்றை அது முகர்ந்துகொண்டே இருக்கும். “ஞாயிறன்றும் நாற்பது காலி லாரிகளை ஓடவிடுங்கள்” என்று அது சொன்னபோது சிரிக்காதவர் இல்லை. சரி, விட்டுத்தான் பார்ப்போமே என்று விட்டார்கள். மானிகளில் எண் சரசரவென்று இறங்கியது. ஆஸ்பத்திரி வரிசை பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு வாரநாள் லாரிகள் ஒவ்வொன்றாக மின்வண்டிகளாக மாறிப்போனாலும், ஞாயிறு லாரிகளை மட்டும், ஊர்க் காற்றைக் கவனிக்கும் அரசு அலுவலகமான வளிக்காப்பகம் கோயில் தேர்போலப் பேணி வைத்தது.

லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உருவானது. தார்ப்பாய் கட்டும் அசல் ரப்பரில் ஒரு சாண் பட்டை வெட்டி, பிரியமான வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அதை வாசல் நிலையில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிவிட்டால் கண் படாது, மூச்சும் முட்டாது என்று நம்பிக்கை. ராயபுரத்தில் பட்டை இல்லாத வாசல் கிடையாது.

பூங்காவனம் முதல் பட்டையைத் தன் மகள் நிறைமதிக்குத்தான் கொடுத்தாள். நிறைமதி கட்டிக்கொண்டு போனது மேற்கே, திருமழிசைக்கு. அங்கே புகை லாரி போவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். இப்போது ஆறு மாதக் கர்ப்பம் வேறு. இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்குப் போகிற காற்றும் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெற்றவள் சும்மா இருப்பாளா? தன் பங்குச் சுற்று முடிந்தபிறகும், மகள் பக்கம் நல்ல காற்று போகட்டும் என்று, ஒவ்வொரு ஞாயிறும் ஊரின் மேற்கு எல்லையில் இரண்டு சுற்று கூடுதலாக ஓட்டினாள்.

அந்த ஞாயிறும் சாயங்காலம் பஸ் பிடித்துத் திருமழிசைக்குப் போனபோது, மகள் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு சுத்து சேத்து ஓட்டினேனேடி. அப்பவுமா?”

“நீ ரெண்டு சுத்துன்ற, எனக்கு நாலு மடங்கா இழுக்குது,” என்றாள் நிறைமதி. பேச்சு விட்டு விட்டு வந்தது. “அந்தப் பட்டையக் கழட்டி எறிம்மா. மாசத்துக்கு ஒண்ணு வெடிச்சுப் போவுது.”

பூங்காவனம் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். பட்டை முழுக்க, ஏரித்தரை காய்ந்ததுபோல், குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. அவளுக்குச் சுருக்கென்றது. அதே ரப்பர், அதே சுருளில் வெட்டியது, வேதாசலம் கடையில் இரண்டு வருடமாக வழவழவென்று தொங்குகிறது. லாரி ஓட்டுகிறவளுக்கு ரப்பரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இழுத்துக் கட்டிய ரப்பரை வெடிக்க வைப்பது ஓசோன்.

இரண்டு புதுப் பட்டைகளை வெட்டி மகளிடம் கொடுத்தாள். “ஒண்ண செவ்வாக்கெழம காலையில மாடியில கட்டு, சாயங்காலம் அவுத்துடு. இன்னொண்ண ஞாயித்துக்கெழம அதே மாதிரி செய்யி.”

“எதுக்கும்மா?”

“எனக்கே தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்.”

அடுத்த ஞாயிறு இரவு இரண்டு பட்டைகளும் பூங்காவனத்தின் மடியில் கிடந்தன. இரண்டு நாளும் ஒரே வெயில்தான். செவ்வாய்ப் பட்டை பிறந்த குழந்தையின் தோல்போல இருந்தது. ஞாயிறுப் பட்டையில் நகத்தால் கீறியதுபோல் நூறு கோடுகள்.

மறுநாளே வளிக்காப்பகத்துக்குப் போனாள். வளிமதியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி கலிமுல்லா நல்ல மனிதர். படிக்காத டிரைவர்தானே என்று நினைக்காமல் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பட்டைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மானியெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க சார்?” என்று கேட்டாள் பூங்காவனம்.

“உங்க லாரி போற ரோட்லதான்மா. மானி இருக்கற எடத்துக்குத்தான் வளிமதி லாரி அனுப்பும்.” சொல்லிவிட்டு ஞாயிறுப் பட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“திருமழிசையில?”

“இல்லை. லாரியே போகாத ஊருக்கு மானி எதுக்குன்னு விட்டுட்டோம்.”

கலிமுல்லா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மதியக் கடற்காற்று திரையை அசைத்தது. கிழக்கிலிருந்து மேற்கே போகிற காற்று. அவர் மெதுவாக விளக்கினார். புகைக்குழாயிலிருந்து வெளியே வந்த சூட்டோடு அந்த நைட்ரிக் ஆக்சைடு வாயு ஓசோனைத் தின்னும். அதே வாயு இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் காற்றோடு பயணம் செய்தால், போய்ச் சேர்ந்த இடத்தில் ஓசோனைச் சமைக்கும். பதினோரு வருடத்துக்கு முன் ஊரில் அந்த வாயு மண்டிக் கிடந்ததால், ஞாயிறன்று திடீரென்று குறைத்தபோது மிச்சமிருந்ததை வெயில் சமைத்தது, தின்னத்தான் ஆளில்லாமல் போயிற்று. இன்று வாரநாளில் அந்த வாயுவே இல்லை. சமைக்கச் சரக்கு இல்லாமல் வெயில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஞாயிறன்று மட்டும் நாற்பது லாரி போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வருகிறது.

“அப்போ நான் சேத்து ஓட்டின ரெண்டு சுத்து...”

பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இவ்ளோ புத்தியுள்ள மெஷினு, இது தெரியலியா சார் அதுக்கு?”

“மானியில எண்ணைக் குறைன்னு சொன்னோம். குறைச்சுச்சு. மானியை எங்க வைக்கணும்னு அதை யாரும் கேக்கலையேம்மா.”

அந்த வாரமே திருமழிசையில் ஒரு மானி வைத்தார்கள். ஒரே ஒரு ஞாயிறு அதை முகர்ந்து பார்த்த வளிமதி, திங்கட்கிழமை காலை உத்தரவு போட்டது. இனி எந்த லாரியும் ஓட வேண்டாம். தன் பதினோரு வருடக் கணக்கைத் தானே அடித்துவிட அதற்கு வெட்கமோ வீம்போ இருக்கவில்லை. இத்தனை நாள் அதைச் சொன்னதைச் சொல்லும் பெட்டி என்று நினைத்திருந்த பூங்காவனம் அன்று அதை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

லாரி ஓடாத முதல் ஞாயிறு வந்தது. ராயபுரத்து மானிகளில் எண் கொஞ்சம் ஏறியது, அவற்றின் பச்சை விளக்கு மஞ்சளானது, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு ஜன்னல்கள் திறந்தன. குழந்தைகளோடு தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். புகை வரவில்லை. ஒருவர் இருமினார், இன்னொருவர் நெஞ்சைத் தடவினார். பத்து மணிக்குள் பூங்காவனத்தின் வீட்டு முன் முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

“காத்துல வாசனையே இல்லம்மா. மூச்சு முட்டுது. ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு,” என்றார் வேதாசலம்.

பூங்காவனம் இரண்டு பட்டைகளையும் காட்டினாள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது ரப்பரு. நான் மனுசன்.”

அவளால் அவரைக் கடிந்துகொள்ள முடியவில்லை. விடிந்ததிலிருந்து அவளுக்கும் நெஞ்சில் ஏதோ குறைகிறதுபோலத்தான் இருந்தது. பதினோரு வருடம் அந்தப் புகையைத்தான் சுத்தம் என்று மூக்கு படித்திருக்கிறது. போய் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். டீசலும் கிரீஸும் கலந்த வாடை சீட்டில் இன்னும் இருந்தது.

வேதாசலம் மறுபக்கக் கதவைத் திறந்தார். “ஸ்டார்ட் பண்ண வேணாம். சும்மா உக்காந்துக்கலாமா?”

“உக்காரு நைனா.”

அவரைப் பார்த்து ஒருவர் பின்னால் ஏறினார். பிறகு ஒரு தாய், குழந்தையை மேலே நீட்டிவிட்டுத் தானும் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் கண்ணை மூடி நன்றாக மூச்சை இழுத்து விட்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் அடித்தது. நிறைமதி.

“இழுப்பு வரலம்மா. மாடிக்கு ரெண்டு தடவ ஏறி எறங்கிட்டேன். உள்ள இருக்கறது ஒதைக்குது பாரு, அப்படி ஒதைக்குது. நீ எங்க இருக்க?”

“வண்டியிலதான்டி.”

“ஐயோ, ஓட்றியா?”

பூங்காவனம் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பதினோரு வருடமாகக் காலியாகவே ஊர் சுற்றிய லாரியில் அன்றுதான் முதன்முதலாக லோடு நிறைந்திருந்தது. ஒருவரும் இறங்குகிறதாகத் தெரியவில்லை.

“இல்ல கண்ணு,” என்றாள். “ஏத்திக்கிட்டு நிக்கறேன்.”